சந்தாதாரர் நேரில் வரவும்

வந்திருந்தவர்கள்: உடனடிச் செய்தி இயக்ககத்தின் மலைப்பகுதிச் சிறப்பு அலுவலர் தனசேகரன், ஒப்பந்தக் கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பிரபாவதி, காவலாளி, பியூன், தோட்டக்காரர் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே சம்பளத்துக்குப் பார்க்கும் குப்புசாமி, எடப்புளி நாட்டு விவசாயி சின்னக்கண்ணு, அவர் மகள் கோகிலா, கீழேயிருந்து வரவழைக்கப்பட்ட போட்டோகிராபர் ஒருவர், சம்பங்கி மாலை போட்ட கம்ப்யூட்டர் ஒன்று.

வராதவர்கள்: இயக்குநர், மின்சாரம்.

இரண்டு பேரும் பத்து மணிக்கு வருவதாக இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் வந்தது. இயக்குநர் கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறியதும் ஜீப்பை நிறுத்தி வாந்தி எடுத்தார். அந்த இடத்திலிருந்தே திட்டத்தைத் தொடங்கி வைத்ததாகச் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அந்தத் தகவலை மேலே கொண்டுவந்தது பலாப்பழம் ஏற்ற வந்த லாரியின் டிரைவர். வாய்மொழித் தகவலை ஏற்கலாமா என்று தனசேகரன் சற்று யோசித்தார். இயக்குநரின் வாய் என்பதால் ஏற்றுக்கொண்டார்.

இது நடந்தது இரண்டாயிரத்து ஆறாம் வருடம், ஆனி மாதம். கொல்லிமலையில் சில ஊர்கள் சேர்ந்தால் ஒரு நாடு; அப்போது பல ஊர்களுக்கு ரோடு கிடையாது. ஆனால் இயக்ககத்தின் கட்டடத்துக்குக் கூரைமேல் ஒரு பெரிய தட்டு இருந்தது. அது வானத்தைப் பார்த்து வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

சின்னக்கண்ணு விழாவுக்காக வரவில்லை. அவருக்கு ஒரே ஒரு விஷயம் தெரிய வேண்டும். கோகிலா பிளஸ் டூ முடித்திருந்தாள். கீழே ஒரு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்திருந்தது. சாதிச் சான்றிதழ் கொண்டுவந்தால் சேர்த்துக்கொள்வோம், இல்லாவிட்டால் அடுத்த பெண்ணுக்குக் கொடுத்துவிடுவோம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் கோட்ட அதிகாரி மலைக்கு வந்து நேரில் விசாரிக்க வேண்டும். அவர் வருடத்தில் ஒரு நாள்தான் வருவார். அது எந்த நாள், எந்த இடம் என்பதுதான் சின்னக்கண்ணுவின் கேள்வி.

முன்பெல்லாம் இது கேள்வியாகவே இருந்ததில்லை. கிராம ஆபீஸ் ஆள் ஒருவர் இந்த மேட்டில் நின்று கத்துவார். அந்த மேட்டில் சாமைக்குக் களை எடுக்கிறவர்கள் நிமிர்ந்து கேட்டுக்கொள்வார்கள். அவ்வளவுதான். இந்த வருடம் அதை நிறுத்திவிட்டார்கள். கத்துவது நம்பகமானது அல்ல, காற்று திசை மாறினால் தகவல் வேறு கோட்டத்துக்குப் போய்விடுகிறது என்று சுற்றறிக்கை வந்தது. இனிமேல் எல்லாத் தேதிகளும் இயக்ககத்தின் இணையதளத்தில், செய்தியோடை மூலமாக மட்டும்.

செய்தியோடை என்பது சிரமமான விஷயம் இல்லை. ஒரு இணையதளத்தில் புதிதாக எதையாவது போட்டால், சந்தா செய்தவரின் கம்ப்யூட்டருக்கு அது தானாக வந்துவிடும். போய்ப் போய்ப் பார்க்க வேண்டியதில்லை. அதற்கு இங்கிலீஷில் மூன்றெழுத்துப் பெயர் ஒன்று உண்டு. அதை போர்டில் எழுதினால் காக்கி நிக்கர் போட்டவர்கள் வந்துவிடுவார்கள் என்று இயக்ககம் தமிழ்ப் பெயரோடு நிறுத்திக்கொண்டது. உலகத்தில் மற்றவர்கள் இதற்கு ஓர் ஆரஞ்சு நிறச் சதுரத்தை ஒரு முறை அழுத்துகிறார்கள். பிறகு வேறு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

தனசேகரன் மைக்கின் முன்னால் நின்றார். எதிரே இருந்தவர்கள் கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார்கள். மைக் வாடகைக்கு எடுத்தாயிற்று.

“பெருமக்களே, இதுவரை நீங்கள் செய்தியைத் தேடி அலைந்தீர்கள். இனி அலைய வேண்டாம். செய்தி உங்களைத் தேடி வரும். நீங்கள் தினமும் காலை பத்து மணிக்கு இங்கே வந்து, மாலை ஐந்து மணிவரை உட்கார்ந்திருந்தால் போதும்.”

குப்புசாமி கை தட்டினார். அது அவருடைய நான்காவது வேலை.

“டெல்லியில் ஓர் அதிகாரி என்னைக் கேட்டார், மலை மக்களுக்கு என்ன வேண்டும் என்று அவர்களையே கேட்டீர்களா என்று. நான் சொன்னேன், கேட்டால் ரோடு கேட்பார்கள், பஸ் கேட்பார்கள், ஆஸ்பத்திரி கேட்பார்கள். அதெல்லாம் வேறு துறை. எங்கள் துறையில் இருப்பதை அவர்கள் ஒரு நாளும் கேட்க மாட்டார்கள். அதனால்தான் கேட்காமலே கொடுக்கிறோம். கேட்டுக் கொடுப்பது வியாபாரம். கேட்காமல் கொடுப்பது சேவை.”

சின்னக்கண்ணு துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

“ஏனுங்க, ஆபீசர் என்னைக்கு வாராருங்க?”

“எந்த ஆபீசர்?”

“சாதிச் சான்று விசாரிக்கிறவருங்க. புள்ளைக்குக் காலேஜுல கேக்கறாங்க.”

“அது செய்தியோடையில் வரும்.”

“உங்களுக்குத் தெரியுங்களா?”

“எனக்குத் தெரிந்தாலும் சொல்லக் கூடாது. நான் சொன்னால் அது வாய்மொழி. வாய்மொழியை ஒழித்தாயிற்று என்று இப்போதுதானே இவ்வளவு நேரம் பேசினேன்?”

சந்தா செய்ய விண்ணப்பம், இரண்டு போட்டோ, குடும்ப அட்டை நகல், விண்ணப்பதாரருக்குக் கண் தெரியும் என்பதற்கு டாக்டர் சான்று ஆகியவை தேவைப்பட்டன. காது கேட்கும் என்பதற்கும் சான்று வேண்டும் என்று தனசேகரன் பிறகு சேர்த்தார், ஏனென்றால் செய்தியைப் பயனாளிக்குப் படித்துத்தான் காட்டுவார்கள். இதற்கெல்லாம் சின்னக்கண்ணு இரண்டு முறை மலையிறங்கி ஏறினார். அந்த நேரத்தில் அவர் தோட்டத்துப் பலாப்பழங்களைக் குரங்குகள் பார்த்துக்கொண்டன.

பிறகு அந்தச் சதுரத்தை அழுத்தும் வைபவம். போட்டோகிராபரைக் கீழேயிருந்து மறுபடி வரவழைத்தார்கள். பயனாளியே தன் கையால் அழுத்த வேண்டும். பிரபாவதி அவர் விரலைப் பிடித்து எங்கே அழுத்துவது என்று காட்டினாள். அழுத்தினார். ‘நன்றி, நீங்கள் சந்தாதாரர் ஆகிவிட்டீர்கள்’ என்று திரையில் வந்தது.

“அண்ணா கண்ண மூடிட்டாருங்க. இன்னொரு வாட்டி” என்றார் போட்டோகிராபர்.

அழுத்தினார். மறுபடி நன்றி வந்தது. இந்த முறை தனசேகரனுக்குப் பாதி முகம்தான் விழுந்திருந்தது. மூன்றாம் முறை எல்லோரும் ஒழுங்காக விழுந்தார்கள். நினைவுப் பரிசாக ஒரு பிளாஸ்டிக் வாளி வழங்கப்பட்டது. போட்டோ எடுத்து முடிந்ததும் குப்புசாமி அதை வாங்கிக்கொண்டு போய்க் கழிப்பறையில் வைத்தார்.

“உட்காருங்க. வரும்” என்றார் தனசேகரன்.

சந்தாதாரர் அறையில் ஒரு பெஞ்சு இருந்தது. சுவரில் ‘செய்தி வரும்வரை அமைதி காக்கவும்’ என்று எழுதியிருந்தது. சின்னக்கண்ணு அமைதி காத்தார். அவரோடு கோகிலாவும் வந்து உட்கார்ந்தாள். இரண்டு நாள் பார்த்துவிட்டு, அவள் பிரபாவதியின் மேஜைக்குப் போனாள்.

“அக்கா, அந்த வெப்சைட்ட நேராத் தொறந்து பாத்தாத் தெரியாதுங்களா?”

பிரபாவதி ஒருமுறை வாசல் பக்கம் பார்த்தாள். “தெரியும் கண்ணு. நேராவே பாத்துட்டா அப்புறம் சந்தா எதுக்குன்னு கேப்பாங்கல்ல? அதனால இந்த மிஷின்ல அதை அடைச்சு வெச்சிருக்காங்க.”

“வெளிய போய்ப் பாத்தா?”

“போய்த்தான் பாரேன்.”

கோகிலா மலையிறங்கிப் போய் ஒரு பிரவுசிங் சென்டரில் அரை மணி நேரத்துக்குக் காசு கொடுத்து உட்கார்ந்தாள். இணையதளம் திறந்தது. அதில் ஒரே ஒரு வரி இருந்தது: ‘சந்தாதாரர் மையத்துக்கு நேரில் வரவும்.’ மீதி நேரத்தை வீணாக்க மனமில்லாமல் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வந்தாள்.

ஒருநாள் மத்தியானம் பிரபாவதி உள்ளேயிருந்து, “வந்துருச்சுங்க” என்றாள்.

சின்னக்கண்ணு எழுந்து வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டார். தனசேகரன் கையைக் காட்டி உட்காரவைத்தார்.

“எங்கே வந்தது?”

“கம்ப்யூட்டருக்குங்க சார்.”

“கம்ப்யூட்டர் எங்கே இருக்கிறது?”

“ஆபீசுல.”

“அப்படியென்றால் அது தபால். அலுவலகத்துக்குள் வருவது எதுவானாலும் தபால். தபாலை உடைத்துக் கையில் கொடுக்க இது என்ன பெட்டிக்கடையா?”

செய்தி காகிதத்தில் அச்சானது. அதன் தலையில் ‘பெறப்பட்டது’ என்று முத்திரை விழுந்தது. எண் போட்டார்கள். குறிப்பு எழுதினார்கள். கோப்பில் வைத்து நாடாவால் கட்டினார்கள். உலகத்தின் எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் ஒரு நொடியில் வந்து சேரக்கூடிய அந்தச் செய்தி, பையில் ஏறி, காலை பஸ்ஸில் அத்தனை வளைவுகளையும் இறங்கி, கீழே தலைமை அலுவலகத்தில் ஒரு மேஜைமேல் படுத்திருந்தது. ‘கண்டேன்’ என்று ஒரு கையெழுத்தை வாங்கிக்கொண்டு அத்தனை வளைவுகளையும் திரும்ப ஏறியது. வழியில் மழை பெய்ததால் கொஞ்சம் நனைந்திருந்தது.

தனசேகரன் எழுந்து நின்று படித்தார்: “இது சோதனைச் செய்தி. இதைப் பொருட்படுத்த வேண்டாம்.”

சின்னக்கண்ணு கொஞ்சம் காத்திருந்தார். “அப்புறமுங்க?”

“அவ்வளவுதான். ‘கேட்டேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போடுங்கள்.”

போட்டார். ஆனால் விஷயம் அதோடு முடியவில்லை. பொருட்படுத்த வேண்டாம் என்ற உத்தரவின்மேல் எடுக்கப்பட்ட நடவடிக்கை என்ன என்று கீழேயிருந்து கேள்வி வந்தது. பொருட்படுத்தப்படவில்லை என்று தனசேகரன் பதில் எழுதினார். அதை எவ்வாறு உறுதி செய்தீர்கள் என்று திரும்பக் கேட்டார்கள். இரண்டு வாரம் இந்தக் கோப்பு மேலும் கீழும் போய்வந்ததில், பஸ் கண்டக்டருக்கு அதன் எண் மனப்பாடமாகிவிட்டது.

அடுத்தடுத்துச் செய்திகள் வந்தன. இயக்குநர் மரக்கன்று நட்டார். இயக்குநர் தாம் நட்ட மரக்கன்றைப் பார்வையிட்டார். அந்த மரக்கன்று நல்ல நிலையில் உள்ளதாக இயக்குநருக்குத் தெரிவிக்கப்பட்டது. மூன்று முறை சதுரத்தை அழுத்தியிருந்ததால் ஒவ்வொரு செய்தியும் மூன்று பிரதி வந்தது. மூன்றையும் தனித்தனியாகப் படித்தார்கள். மூன்று முறை ‘கேட்டேன்’ எழுதினார் சின்னக்கண்ணு. ‘மலைப்பகுதியில் சந்தாதாரர் எண்ணிக்கை மும்மடங்கு உயர்வு’ என்றும் ஒரு செய்தி வந்தது. அதையும் மூன்று முறை கேட்டார்.

“ஏனுங்ண்ணா, மரம் நல்லா இருக்குதாமா?” என்று வாசலில் பீடியை மறைத்துக்கொண்டு குப்புசாமி கேட்பார்.

“இருக்குதாம்ப்பா.”

“காலேஜு?”

“அது எங்கீங்க வந்துச்சு.”

மலையில் சான்றிதழ் தேவைப்பட்டவர்கள் வேறு பலரும் இருந்தார்கள். சின்னக்கண்ணு பட்ட பாட்டைப் பார்த்துவிட்டு அவர்கள் யாரும் சந்தா செய்யவில்லை. தேதி வந்தால் இவர் சொல்லிவிடுவார் என்று இருந்துவிட்டார்கள். தேவனூர் நாட்டுச் சென்றாயன் ஒருநாள் டீக்கடையில் இவரைப் பிடித்துக்கொண்டார்.

“வந்துச்சுன்னா எனக்கும் ஒரு வார்த்தை சொல்லீருப்பா. என்ற பையனுக்கும் வாங்கோணும்.”

“சொல்லக் கூடாதாமுங்க. கேட்டதை வெளிய சொல்ல மாட்டேன்னு எழுதி வாங்கியிருக்காங்க.”

“தேதியக்கூடவா?”

“மரக்கன்னயே வெளிய சொல்லக் கூடாதாமா.”

சென்றாயன் டீயைக் கீழே வைத்தார். “அப்ப இந்தச் செய்தி ஆபீசு எதுக்குத்தான் இருக்குது?”

“செய்தி வெளிய போயிராமப் பாத்துக்கறதுக்குங்க.”

சின்னக்கண்ணு இதைக் கிண்டலாகச் சொல்லவில்லை. அவர் பார்த்த வரைக்கும் அதுதான் நடந்துகொண்டிருந்தது.

ஆடி பிறந்தது. தணிக்கைப் பிரிவிலிருந்து ஓர் ஆட்சேபணை வந்தது. ஒரே நபர் மூன்று சந்தாக்களை அனுபவித்து வருகிறார், இதனால் அரசின் செய்தி இரண்டு பங்கு விரயமாகியுள்ளது, கூடுதலாகப் பெற்ற செய்திகளை அவரிடமிருந்து திரும்பப் பெற வேண்டும், அதுவரை அவர் சந்தா நிறுத்திவைக்கப்படுகிறது. அதைப் படித்துவிட்டுத் தனசேகரன், ஏமாற்றப்பட்ட மனிதரைப் போலச் சின்னக்கண்ணுவைப் பார்த்தார்.

“உங்களை நான் எவ்வளவு நம்பினேன்!”

“நீங்கதானுங்க அழுத்தச் சொன்னீங்க.”

“ஒரு முறை அழுத்தச் சொன்னது திட்டத்துக்காக. மற்ற இரண்டும் போட்டோவுக்காக. போட்டோவுக்காகப் பெற்ற செய்தியை நீங்கள் ஏன் கேட்டீர்கள்? காதைப் பொத்திக்கொண்டிருக்கலாம் அல்லவா?”

“கேட்டதை எப்படிங்க திருப்பித் தாரது?”

“வெரல உள்ள விட்டு எடுங்ண்ணா” என்றார் குப்புசாமி. தனசேகரன் முறைத்ததும் தோட்டக்காரராகி வெளியே போய்விட்டார்.

ஒரு வழி கண்டுபிடிக்கப்பட்டது. மூன்று முறை கேட்டதில் இரண்டு முறை கேட்டதை மறந்துவிட்டதாகச் சின்னக்கண்ணு எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த இரண்டு முறை என்று குறிப்பிட வேண்டும். முதல் முறையும் மூன்றாம் முறையும் என்று எழுதினார். நடுவில் கேட்டது மட்டும் எப்படி நினைவிருக்கிறது என்று விளக்கம் கேட்டார்கள். அதனால் இரண்டாவதையும் மூன்றாவதையும் மறந்ததாக மாற்றி எழுதினார். அது ஒப்புதலுக்குக் கீழே போனது.

கல்லூரியிலிருந்து பக்கத்து ஊர்க் கடை போனுக்குத் தகவல் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் சான்றிதழ் வராவிட்டால் இடம் இல்லை.

அன்றைக்கு கோகிலா பெஞ்சில் உட்காரவில்லை. “அப்பா, நீங்க இங்க உக்காந்திருக்கறது போதும். எனக்கு வேண்டாம். நான் களையெடுக்கப் போறேன்” என்றாள். அவள் அழவில்லை. சின்னக்கண்ணு தரையைப் பார்த்தபடி, “நாளைக்கு ஒரு நாளு வா சாமி. சர்ட்டிபிகேட்டெல்லாம் எடுத்துக்கிட்டு வா. நாளைக்கும் செய்தி வரலீன்னா அப்புறம் உன்னிஷ்டம்” என்றார்.

மறுநாள் வியாழக்கிழமை. அவர்கள் வந்தபோது வாசலில் ஒரு ஜீப் நின்றது. குப்புசாமி சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

“யாருதுங்க ஜீப்பு?”

“கோட்ட அதிகாரிது. அருணாசலம்னு பேரு. காலையில எட்டுக்கே வந்துட்டாருங்ண்ணா. ஒரு ஈ காக்கா வல்லே. கூடத்துல தனியா உக்காந்து ஈயோட்டறாரு.”

“எதுக்கு வந்திருக்காரு?”

குப்புசாமி இரண்டு பக்கமும் பார்த்தார். “எனக்கெப்படிங்க தெரியும், நான் என்ன சந்தாதாரரா? ஆனா முன்னால சீலும் மைப்பெட்டியும் வெச்சிருக்காரு.”

சின்னக்கண்ணு நேராகக் கூடத்தை நோக்கிப் போனார். கோகிலா பின்னாலேயே வந்தாள். கூடத்து வாசலில் தனசேகரன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

“எங்கே போகிறீர்கள்?”

“விசாரணைக்குங்க.”

“எந்த விசாரணை?”

“சான்று விசாரணைங்க. அதா, ஆபீசர் உக்காந்திருக்காரே.”

“விசாரணை நடப்பது உங்களுக்கு எப்படித் தெரியும்? உங்கள் சந்தா நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்குச் செய்தி வரவில்லை.”

“கண்ணுல பாக்கறனேங்க!”

“கண்ணால் பார்ப்பது அங்கீகரிக்கப்பட்ட வழி இல்லை. அப்படிப் பார்த்தால் இந்த மலையில் கண் உள்ள எல்லோரும் உள்ளே வந்துவிடுவார்கள். அப்புறம் எங்கள் இயக்ககம் எதற்கு?”

சத்தம் கேட்டு அருணாசலம் எழுந்து வாசலுக்கு வந்தார். வழுக்கைத் தலை, சாந்தமான முகம். அவருக்கு யார்மேலும் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை.

“என்ன தனசேகரன், யாருமே வரலையே? போன வருஷம் வெறும் கத்தல்லயே கூடம் நிறைஞ்சுது.”

“அதுதான் சார் வித்தியாசம். போன வருஷம் ஒழுங்கு இல்லை. தேதி உரியவருக்குப் போய்ச் சேர்ந்த பிறகும் யாரும் வரவில்லை என்றால் தேவைப்படுகிறவர்கள் யாரும் இல்லை என்றுதான் அர்த்தம். நூறு சதவீதம் பூர்த்தி.”

“அப்படியே எழுதிரலாமா?”

“எழுதலாம் சார்.”

“ஐயா, நான் வந்திருக்கேனுங்க” என்றார் சின்னக்கண்ணு. “இது என்ற புள்ளைங்க. நாளைக்குக் கடைசி நாளுங்க.”

அருணாசலம் அவரைப் பரிவோடு பார்த்தார். “செய்தி கிடைச்சு வந்தீங்களா?”

“இல்லீங்க. சும்மா வந்தேனுங்க.”

“அடடா. சும்மா வந்தா அதை வருகைன்னு எழுத முடியாதே. செய்தியோட நகல் இருந்தா அதுமேல சீல் போட்டு விசாரணையை ஆரம்பிச்சிருவேன். எனக்கு ஒரு நிமிஷ வேலை. நகல் இல்லாம எதுல போடறது? உங்க நெத்தியிலயா?” அவரே சிரித்துக்கொண்டார். “நான் ஒரு வேலையிலும் மறுப்பு சொன்னதில்லைப்பா. முப்பது வருஷ சர்வீஸ். காகிதம் இருந்தா செஞ்சிருவேன். இல்லைன்னா விட்டுருவேன். இதுல பாவ புண்ணியமெல்லாம் கிடையாது.”

“அந்த நகல் எங்கீங்க இருக்குது?”

தனசேகரன் பதில் சொன்னார். “நேற்று மாலை வந்தது. இன்று காலை பஸ்ஸில் ‘கண்டேன்’ கையெழுத்துக்குப் போயிருக்கிறது. முறைப்படி நாளை மாலை திரும்பும். உங்கள் சந்தா சரியானதும் உங்களுக்கு அது படித்துக் காட்டப்படும்.”

“நாளைக்குச் சாயங்காலம், இன்னைக்கு விசாரணை நடக்குதுன்னு படிப்பீங்களா?”

“ஆமாம். தாமதமானாலும் செய்தி செய்திதான்.”

அருணாசலம் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு மணிக்கு முடித்துக்கொண்டு கிளம்பிவிடுவதாகச் சொன்னார், மூடுபனி இறங்குவதற்குள் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டுமாம். குப்புசாமியைக் கூப்பிட்டு போண்டா வாங்கி வரச் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தார். குப்புசாமி அப்போதுதான் கூடத்துக் கதவின் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். பூட்டையும் அதிலிருந்த சாவியையும் தாழ்ப்பாளில் அப்படியே தொங்கவிட்டுவிட்டுப் போனார்.

சின்னக்கண்ணு கம்ப்யூட்டர் அறைக்குப் போனார். கோகிலா வாசற்படியில் நின்றாள்.

“அம்மிணி” என்றார். “அந்தச் செய்தி உள்ளதான இருக்குது?”

“இருக்குங்க.”

“இன்னொரு காகிதத்துல எடுக்க முடியுமுங்களா?”

பிரபாவதி பிரிண்டரைப் பார்த்தாள். “எடுத்துக் கொடுத்தா என் வேலை போயிரும்ங்க. ஒப்பந்தம். ஒரு போன் போட்டாப் போதும், வேற ஆளு வந்துரும்.”

“தெரியுமுங்க. கேக்கக் கூடாதுதான். கேட்டுட்டேன்.”

சின்னக்கண்ணு கூடத்துப் பக்கம் திரும்பி நடந்தார். கோகிலா நகரவில்லை. அவளுக்கும் பிரபாவதிக்கும் ஐந்தாறு வயதுதான் வித்தியாசம் இருக்கும். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரபாவதி எதையோ இரண்டு தட்டுத் தட்டினாள். பிரிண்டர் முனகத் தொடங்கியது. அவள் எழுந்தாள்.

“நான் மூஞ்சி கழுவப் போறேன்” என்று சொல்லிவிட்டு, கோகிலாவைத் தாண்டி, கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பிரிண்டர் நின்றபோது காகிதம் கோகிலாவின் கையில் இருந்தது. சான்றிதழ்களோடு அதையும் சேர்த்து மார்போடு பிடித்துக்கொண்டு கூடத்தை நோக்கி நடந்தாள். ஓடவில்லை. ஓடினால் தனசேகரன் கவனிப்பார். அவர் நாற்காலியில் சாய்ந்து, ‘நூறு சதவீதம் பூர்த்தி’ என்று தன் அறிக்கையின் தலைப்பை எழுதிக்கொண்டிருந்தார். நாற்காலியைத் தாண்டி அவள் ஒரு காலை உள்ளே வைத்தபோதுதான் நிமிர்ந்தார்.

“ஏம்மா! நில்! கையில் என்ன?”

“செய்திங்க சார்” என்றாள் கோகிலா. மேஜையருகே போய்விட்டாள்.

“அதில் ‘கண்டேன்’ கிடையாது! அது செல்லாது! சார், அதில் போடாதீர்கள்...”

அவர் பேனாவை விட்டுவிட்டு எழுந்தார். எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்து காலில் மாட்டியது. உள்ளே அருணாசலம், கடைசியில் ஒரு காகிதம் வந்துவிட்ட நிம்மதியில், “வாம்மா, வா, உட்காரு” என்று சொல்வது கேட்டது. மைப்பெட்டியின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

தனசேகரன் நாற்காலியை உதைத்துத் தள்ளிவிட்டு வாசலுக்குப் பாய்ந்தார். சின்னக்கண்ணு அவருக்கு முன்னால் அங்கே இருந்தார். தனசேகரன் உள்ளே நுழையுமுன் இரண்டு கதவுகளையும் வெளியேயிருந்து இழுத்துச் சாத்தினார். தாழ்ப்பாளைத் தள்ளினார். பூட்டை மாட்டி அமுக்கினார். சாவியைத் திருப்பி எடுத்து, மடியில் கட்டிக்கொண்டார்.